காலியாக, உறைக்குள், உடையவர் தோளில்: சாகுபுரம் சாலையில் பைக்கில் போகும் துப்பாக்கி

தேர்தல் தேதி அறிவித்ததும் ஊர்களில் சுவர் விளம்பரங்களை அழிப்பார்கள், கொடிக்கம்பங்களை இறக்குவார்கள், தலைவர்கள் சிலையைத் துணி போட்டு மூடுவார்கள். இதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படுகிற வேலை. கண்ணில் படாத இன்னொரு வேலையும் அதே நாட்களில் நடக்கும். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குக் காவல் நிலையத்திலிருந்து போன் போகும். "அண்ணாச்சி, துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டுப் போயிருங்க."

2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று அட்டவணை வந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தது. ஆனால் வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 அன்றுதான். முடிவு வெளியாகி ஒரு வாரம் கழிந்த பிறகே ஆயுதங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். அறிவிப்பு வந்த கையோடு ஒப்படைத்தவருக்கு ஏறக்குறைய மூன்று மாதம் துப்பாக்கி கையில் இல்லை. கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பயணம், திரும்ப எடுத்துவர ஒரு பயணம். லைசென்ஸைப் புதுப்பிக்க, பழுது பார்க்க என்று இன்னும் சில பயணங்கள். தென்மாவட்டத்தில் ஒரு லைசென்ஸ் துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே வருவது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான். வாசலில் நிற்கிற வண்டியோ பைக். ஆகவே துப்பாக்கியும் பைக்கில்தான் போகிறது.

எப்படிப் போகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். கோணிச் சாக்கில் சுற்றி, கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, கோவைக்காய் மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுபோகிற பழக்கம் கிராமங்களில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. லைசென்ஸ் கையில் இருக்கிறது, பிறகு என்ன என்ற நினைப்பு. சட்டம் அப்படி நினைக்கவில்லை. சாலையும் அப்படி நினைக்கவில்லை.

சாகுபுரத்திலிருந்து கிளம்பினால்

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே, ஆறுமுகநேரியையும் காயல்பட்டினத்தையும் ஒட்டியிருக்கிறது சாகுபுரம். 1950களின் இறுதியில் டி.சி.டபிள்யூ. காஸ்டிக் சோடா ஆலை இங்கே வந்தது. ஆலையோடு குடியிருப்பும் வந்தது. சுற்றிலும் உப்பளங்கள். கிழக்கே மன்னார் வளைகுடா, ஒரு காலத்தில் முத்துக்குளித்த கடல். வடக்கே ஆத்தூர், முக்காணி, ஏரல் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் வாழைத்தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்த நிலப்பரப்பில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் யார்? தோட்டக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வங்கிக் காவலுக்குப் போகிறவர், தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியைக் குடும்பச் சொத்தாக வைத்திருப்பவர், குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இறங்கியிருக்கும் இளைஞர். காவல் நிலையம் என்றால் பக்கத்தில் ஆறுமுகநேரி. உட்கோட்டத் தலைமையிடம் என்றால் சுமார் 10 கி.மீ. தள்ளித் திருச்செந்தூர். லைசென்ஸ் வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம். அவர் அலுவலகம் இருப்பது கோரம்பள்ளத்தில். ஆத்தூர், முக்காணி, பழையகாயல், முள்ளக்காடு வழியாகச் சுமார் 30 கி.மீ. உப்பு லாரிகளும் ரசாயன டேங்கர்களும் ஓடுகிற சாலை அது. பிற்பகலில் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஓரத்தில் மண் சேர்ந்து கிடக்கும். மழைக்காலத்தில் கதையே வேறு: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டி, இந்தப் பக்கத்துச் சாலைத் தொடர்பே அறுந்துபோனது.

ஆயுதத்தைக் கட்டுக்குள் வைக்கும் அரசாணைகளுக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு இருக்கிறது. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரை நடத்திய அடுத்த போரும் 1801இல் ஒடுக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. இந்தியா முழுமைக்குமான ஆயுதச் சட்டம் லிட்டன் காலத்தில், 1878இல்தான் வந்தது. விடுதலைக்குப் பின் அதன் இடத்தில் வந்தது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருப்பது அதுதான். அதன் கீழ் இப்போது பொருந்துவது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள். 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. லைசென்ஸின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது.

சட்டம் கேட்பது என்ன?

பொது இடத்தில் துப்பாக்கியைக் கொண்டுசெல்வது பற்றி 2016 விதிகள் தெளிவாகவே பேசுகின்றன. கைத்துப்பாக்கி என்றால் அதற்கென்று செய்த உறையில் இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி என்றால் அதைக் கொண்டுசெல்வதற்கென்றே தயாரித்த அல்லது மாற்றியமைத்த உறையில் இருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் முழுவதும் மூடியிருக்க வேண்டும். கொண்டுசெல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளை பைக்குக்குப் பொருத்திப் பார்த்தால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். சாக்கும் வேட்டியும் உறை ஆகாது. குழலின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது மூடியது ஆகாது. கேரியரில் கட்டிவிட்டு டீக்கடைக்குள் போய் உட்கார்ந்தால் அது கட்டுப்பாடு ஆகாது. ஓடும்போது கயிறு தளர்ந்து பின்னால் வருகிற லாரிக்கு முன் விழுந்தாலும் ஆகாது. வெளிநாட்டுப் படங்களில் வண்டியின் பக்கவாட்டில் துப்பாக்கிக் கூடு பொருத்தியிருப்பதைப் பார்த்து நம் பைக்கிலும் பொருத்திக்கொள்ளத் தோன்றலாம். அது ஆளரவமில்லாத பண்ணை நிலங்களுக்குச் சரிப்படும். ஆறுமுகநேரி பஜாரில் நிறுத்திவிட்டு நகர முடியாது. பைக்கில் துப்பாக்கிக்கு உரிய இடம் உடையவரின் உடம்புதான்: தோளில் குறுக்காக மாட்டி, வாரை மார்பில் இறுக்கிக் கட்டிய பை.

சட்டத்தின் 19ஆம் பிரிவு, துப்பாக்கி கொண்டுசெல்லும் எவரிடமும் லைசென்ஸைக் காட்டச் சொல்லும் அதிகாரத்தைக் காவல் அதிகாரிக்குத் தருகிறது. காட்ட மறுத்தால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். 20ஆம் பிரிவு இன்னும் கவனிக்க வேண்டியது. சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தத்தான் கொண்டுபோகிறார் என்று நியாயமான சந்தேகம் எழும்படி ஒருவர் ஆயுதம் கொண்டுபோனால், லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு இரவு பதினொரு மணிக்குத் தேரிக்காட்டுப் பாதையில் போகிறவருக்கு லைசென்ஸ் முழுக் காப்பு அல்ல.

லைசென்ஸின் நிபந்தனைகளுக்குள்ளேயே இன்னொன்று இருக்கிறது. தனி அனுமதி இல்லாமல் சந்தை, திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகிய இடங்களுக்கு ஆயுதத்தைக் கொண்டுபோகக் கூடாது. திருச்செந்தூர்ச் சாலைக்கு இது சாதாரண விஷயம் அல்ல. தைப்பூசத்துக்கும் கந்த சஷ்டிக்கும் பாதயாத்திரைக் கூட்டம் சாலையை நிறைத்துவிடும். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடமணிந்த பக்தர்கள் ஊர் ஊராக வருவார்கள். உலோக ஆயுதங்களோடு வர வேண்டாம் என்று காவல்துறை அவர்களுக்கே அறிவுறுத்துவது வழக்கம். அந்த நாட்களில் துப்பாக்கியை வெளியே எடுக்காமல் இருப்பதுதான் சரி. பையனைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்ற திட்டமும் வேண்டாம்.

அப்பாவின் துப்பாக்கி, மகனின் பைக்

கிராமங்களில் அடிக்கடி வருகிற சிக்கல் இது. லைசென்ஸ் அப்பா பெயரில் இருக்கும். அவருக்கு எழுபத்தைந்து வயது. வண்டி ஓட்ட முடியாது. "நீயே கொண்டுபோய்க் கொடுத்திட்டு வாடா" என்பார் மகனிடம். மகன் பெயரில் லைசென்ஸ் கிடையாது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாலே சட்டப்படி என்ன நிலை?

சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. லைசென்ஸ்தாரர் உடன் இருந்தாலோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தாலோ, லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியைக் கொண்டுசெல்லலாம். ஆனால் எதற்கு? பழுது பார்க்க, லைசென்ஸைப் புதுப்பிக்க, லைசென்ஸ்தாரரின் உபயோகத்துக்கு. இந்த மூன்றுக்குத்தான். தேர்தலுக்காக ஒப்படைப்பது இந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. ஆகவே எழுதிக் கொடுத்து மகனைத் தனியாக அனுப்புவதைவிட, அப்பா பின்னால் உட்கார்ந்து வருவதே சிக்கலில்லாத வழி. மகன் ஓட்டட்டும். துப்பாக்கிப் பை அப்பாவின் தோளில் இருக்கட்டும். லைசென்ஸ் புத்தகம் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும். அவரால் பைக்கில் உட்காரவே முடியாது என்றால் ஆட்டோ பிடிப்பது நல்லது. அதுவும் முடியாதென்றால் நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே பேசி, அவர் சொல்கிறபடி செய்வதுதான் முறை.

இந்த நிலைக்கு நிரந்தரத் தீர்வும் விதிகளிலேயே இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது, அவர் காட்டும் வாரிசுக்கு லைசென்ஸ் வழங்க 2016 விதிகள் இடம் தருகின்றன. வாரிசுக்கு உரிய தகுதிகள் இருக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அப்பா இருக்கும்போதே விண்ணப்பித்து மாற்றிக்கொள்கிறவர்கள் குறைவு. அவர் காலமான பிறகு, லைசென்ஸ் இல்லாத வீட்டில் துப்பாக்கி பரணில் கிடக்கும். அப்போது அது சட்டப்படி வைத்திருக்கக் கூடாத பொருள். தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை.

மேசை மேல் ஒரு இரட்டைக் குழல்

பைக்கில் கிளம்புமுன் செய்ய வேண்டிய வேலையைப் பக்கத்தில் இருந்து பார்ப்போம். நம் பக்கத்தில் அதிகம் காணக்கூடியது 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. லைசென்ஸ் புத்தகத்தில் 'டி.பி.பி.எல்.' என்று எழுதியிருப்பார்கள். நீளம் சுமார் 120 செ.மீ., எடை மூன்று கிலோவுக்கு மேல்.

முதலில் அறையிலிருந்து குழந்தைகளை வெளியே அனுப்ப வேண்டும். குழலின் வாய் ஆளில்லாத பக்கம் பார்க்க, விரல் குதிரையைத் தொடாமல், மேலே இருக்கும் நெம்பைக் கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளினால் துப்பாக்கி மடங்கிக் குழல்கள் கீழே சாயும். இரண்டு குழலின் அடிப்பகுதியையும் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, விரலை விட்டுத் தடவ வேண்டும். பின்னாலிருந்து குழல் வழியே பார்த்தால் மறுமுனை வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். வெளிச்சம் தெரியாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. பிறகு பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெரியவரையும் பார்க்கச் சொல்வது நல்ல பழக்கம். சுத்தம் செய்யும்போது தவறுதலாக வெடித்தது என்று செய்தித்தாளில் வருகிற விபத்துகளில் எல்லாம் துப்பாக்கி காலி என்று யாரோ ஒருவர் நம்பியிருப்பார்.

அடுத்து, குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல்கள் கொக்கியிலிருந்து விடுபட்டுத் தனியே வந்துவிடும். இப்போது மேசை மேல் இருப்பது இரண்டு துண்டு. ஒன்று, பின்கட்டையும் விசைப் பகுதியும். மற்றொன்று, 30 அங்குலக் குழல் என்றால் 76 செ.மீ. நீளமுள்ள குழல்கள். முன்கட்டையைத் திரும்பக் குழலிலேயே மாட்டிவிட்டால் அது தொலையாது. இரண்டையும் ஒன்றோடொன்று உரசாதபடி எண்ணெய்த் துணியில் சுற்றி, நடுவில் தடுப்புள்ள குட்டைப் பையில் வைத்து, ஜிப்பில் சின்னப் பூட்டுப் போட்டால் பயணத்துக்குத் தயார்.

கழற்றுவதால் இரட்டை நன்மை. கழற்றிய துப்பாக்கி சுடாது. பறித்துக்கொண்டு ஓடுகிறவனாலும் உடனே சுட முடியாது. இன்னொன்று பைக் ஓட்டுகிறவரின் முதுகெலும்பு பற்றியது. 120 செ.மீ. நீள இரும்பை முதுகில் நெடுக்காக மாட்டினால் மேல் முனை ஹெல்மெட்டுக்கு மேல் நிற்கும். தாழ்ந்த கிளையில் சிக்கும். கீழ் முனை சீட்டில் இடிக்கும். குறுக்காக மாட்டினால் எதிரே வருகிற வண்டியில் உரசும். கீழே விழுந்தால் முதுகுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே அந்த இரும்பு இருக்கும். குட்டைப் பையில் இந்த ஆபத்து குறையும், முற்றிலும் போகாது. அதனால்தான் வேகம் நாற்பதைத் தாண்ட வேண்டாம் என்பது.

போல்ட் ஆக்‌ஷன் ரைபிளைப் போல் எளிதில் கழற்ற முடியாதவை உண்டு. அதில் போல்ட்டை மட்டும் உருவித் தனியே வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கி முழு நீளத்தில்தான் இருக்கும். அதற்கு பைக் பொருத்தமான வண்டியே அல்ல. கார் அல்லது ஆட்டோவைப் பார்ப்பது நல்லது. கரிமருந்தும் பால்ரஸும் கெட்டித்துச் சுடுகிற பழைய முன்வாய்த் துப்பாக்கி இன்னும் கவனம் கேட்கும். கெட்டித்த மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு, கேப்பை மட்டும் எடுத்துவிட்டேன் என்று கிளம்பவே கூடாது. மருந்து உள்ளே இருக்கும் வரை அது நிரப்பிய துப்பாக்கிதான்.

தோட்டா வேறு பையில். புனே அருகே கட்கியில் இருக்கும் அரசுத் தொழிற்சாலையின் 'சக்திமான்' 12 போர் தோட்டாக்கள் அட்டைப்பெட்டியில் வரும். அந்தப் பெட்டியோடே வைத்திருப்பது நல்லது. ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் கிடக்கிற சீட்டடி அறையில் தளர்வாகப் போட்டால், அடிப்பகுதியில் இருக்கும் கேப்பில் ஏதாவது இடிக்கலாம். சைலன்சர் பக்கம் தொங்கும் பையில் சூடு ஏறும். இடுப்பில் கட்டுகிற மூடிய பையே சரியான இடம். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். ஒப்படைக்கும்போது ரசீதில் துப்பாக்கியின் எண்ணோடு தோட்டாக்களின் எண்ணிக்கையும் வந்திருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும்.

உப்புக் காற்றை மறந்துவிடக் கூடாது. உப்பளங்களுக்கு நடுவே அரை மணி நேரம் ஓடிய பைக்கின் செயினைப் பார்த்தால் தெரியும், இந்தக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று. துப்பாக்கிக் குழலுக்கும் அதே கதிதான். ஈரமான ஸ்பாஞ்சுப் பையில் மூன்று மாதம் கிடந்தால் குழலுக்குள் துரு குழி விழும். துருவேறிய குழல் சுடும்போது ஆபத்து. ஒப்படைக்குமுன் உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, பை காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, திரும்ப எடுத்து வந்த அன்றே குழலைத் துடைத்து மறுபடி எண்ணெய் பூசுவது இந்தக் கடற்கரையில் கட்டாயம்.

வழியில் நிறுத்தினால்

தேர்தல் நாட்களில் பறக்கும் படை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆத்தூர் பாலத்திலும் நிற்கலாம், முள்ளக்காட்டிலும் நிற்கலாம். அவர்கள் தேடுவது பணத்தை. உங்களிடம் இருப்பதோ துப்பாக்கி. கை காட்டியதும் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, கைகள் தெரியும்படி வைத்து, அவர்கள் பையைத் தொடுமுன்பே நீங்களே சொல்லிவிட வேண்டும். "ஐயா, பையில லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு. காலியாத்தான் இருக்கு. ஸ்டேஷன்ல ஒப்படைக்கக் கொண்டுபோறேன். லைசென்ஸ் சட்டைப் பையில இருக்கு, எடுக்கட்டுமா?" கேட்காமல் ஜிப்பைத் திறக்கக் கூடாது. திறக்கச் சொன்னால் மெதுவாகத் திறந்து, அவர்களே எடுத்துப் பார்க்க விட வேண்டும். நாலு வாக்கியத்தில் முடிகிற காரியம் இது. தயங்கி, மழுப்பி, 'உள்ளே ஒன்றுமில்லை' என்று ஆரம்பித்தால் இரவு முழுக்க ஸ்டேஷனில் உட்கார வேண்டியிருக்கும்.

கிளம்புவதற்கு முன்பே பெட்ரோல் போட்டுவிடுவது, வழியில் டீக்கும் சாப்பாட்டுக்கும் இறங்காமல் இருப்பது, பகலிலேயே போய் வருவது, மது வாடையே இல்லாமல் இருப்பது, துப்பாக்கியோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாமல் இருப்பது: இவை தனித்தனிப் புத்திமதிகள் அல்ல. எல்லாம் ஒன்றையே காக்கின்றன. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை துப்பாக்கி ஒரு நிமிடமும் உடையவரின் கையை விட்டுப் போகக் கூடாது, யாருடைய கவனத்தையும் இழுக்கக் கூடாது.

விபத்து நடந்தால்? ஓட்டுகிறவர் மயங்கிக் கிடக்கும்போது பையை முதலில் திறப்பது வழிப்போக்கர் யாராவதாக இருக்கும். பைக்குள் லைசென்ஸின் ஜெராக்ஸும், வீட்டாரின் போன் எண்ணும், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி இரண்டு வரியும் எழுதிவைத்திருந்தால் பெரிய குழப்பம் தவிரும். துப்பாக்கி தொலைந்தாலோ திருட்டுப் போனாலோ உடனே பக்கத்துக் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். அது லைசென்ஸின் நிபந்தனை.

தூத்துக்குடி–திருநெல்வேலிச் சாலையில் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வழியில் இருக்கும் வல்லநாடு, 1987இல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்தச் சரணாலயத்துக்குள்ளும் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. சரணாலயத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் வசிக்கும் லைசென்ஸ்தாரர்கள் தங்கள் பெயரை வனத்துறையிடம் பதிய வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. நெடுஞ்சாலையில் நிற்காமல் போய்விடுங்கள். மான் பார்க்க வண்டியைத் திருப்ப வேண்டாம்.

பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கியவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பன்றி வந்தால் சுடலாம் என்று அந்தக் காகிதத்துக்குப் பொருள் கிடையாது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆணை, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட வழிசெய்தது. ஆனால் சுட வேண்டியவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்கள் சுடலாம். எல்லைக்கு அப்பால் இருப்பவர் வாட்ஸ்அப்பில் போடுகிற படத்தைப் பார்த்து, ஆத்தூர் வாழைத்தோட்டத்துக்கு ராத்திரி பைக்கில் துப்பாக்கியோடு போகிறவர் வழக்கில்தான் போய் நிற்பார்.

எல்லோரும் ஒப்படைக்க வேண்டுமா?

தேர்தலுக்குத் துப்பாக்கியை வாங்கி வைப்பது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. மாவட்ட அளவில் ஒரு குழு லைசென்ஸ்தாரர்களின் பட்டியலைப் பார்த்து, ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு தேர்தல் கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் என்று பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடு. எல்லோரையும் ஒரே பொது உத்தரவால் ஒப்படைக்கச் சொல்ல முடியாது, காரணம் சொல்ல வேண்டும் என்று 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. போட்டிகளில் பங்கேற்கும் குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்கு விலக்கு உண்டு. மரபுப்படி ஆயுதம் வைத்திருக்கும் சமூகங்களுக்கும் உண்டு. குடகு மக்களுக்கு லைசென்ஸிலிருந்தே 2029 வரை விலக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விலக்கு வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம், வாதாடலாம். அதற்குரிய இடம் ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும். உத்தரவு நடப்பில் இருக்கும்போது துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது லைசென்ஸையே இழக்கும் வழி.

விளையாட்டுக்காக 4.5 மி.மீ. ஏர் ரைபிள் வாங்கித் தருகிற பெற்றோர் இந்தக் கடற்கரை ஊர்களிலும் இருக்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் பாரிஸ் ஒலிம்பிக் வரை போன பிறகு ஆசை வருவது இயல்பு. 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலுள்ள அந்த ரகத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் தெருவில் பார்க்கிறவருக்கு அது ரைபிள்தான். அதையும் உறைக்குள் பூட்டி, வாங்கிய ரசீதையும் சங்க அடையாள அட்டையையும் கூடவே வைத்துப் போக வேண்டும். பிள்ளைகள் அந்தப் பழக்கத்தை ஏர் ரைபிளிலேயே கற்றுக்கொண்டால் பின்னால் பெரிய துப்பாக்கி கைக்கு வரும்போது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

கார் இருந்தால் காரில் போங்கள். ஆட்டோ கிடைத்தால் ஆட்டோவில் போங்கள். பைக்தான் என்றால் பகலில், காலித் துப்பாக்கியை இரண்டாகக் கழற்றி, பூட்டிய பையில், லைசென்ஸ்தாரரின் தோளில் மாட்டி, நேராகப் போய் நேராகத் திரும்புங்கள். இதைப் படிக்கிற லைசென்ஸ்தாரர்கள் இன்று இரண்டு வேலை செய்யுங்கள். லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது, உங்கள் தனி அடையாள எண் அதில் ஏறியிருக்கிறதா, அது செல்லுபடியாகும் எல்லை மாவட்டமா, மாநிலமா என்று எடுத்துப் பாருங்கள். வீட்டில் துப்பாக்கிக்கென்று செய்த உறை இல்லையென்றால் அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒன்று வாங்கி வையுங்கள்.